கட்டிக்கப் போறவன் அடிக்கலாமா?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு பக்கம் போதும், செய்ய வேண்டியவை ஒரு பக்கம், செய்யக் கூடாதவை ஒரு பக்கம் என்றார்கள். அப்படி ஒரு தாள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பயிற்சியின் முதல் நாளே கொடுத்திருப்பார்கள். நல்ல தாள்தான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒன்றை நான் எழுதுகிறேன். அது நான் செய்த தவறு. பக்கக் கணக்கும் மீறும்.

பத்தொன்பது ஆண்டுகள் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள், கடற்கரைப் பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய், காதலிலும் வீட்டிலும் நடக்கிற அடியைப் பற்றி மாணவர்களிடம் பேசுகிற வேலை. சென்ற மே மாதம் விருப்ப ஓய்வு பெற்றேன். நடத்திய ஒவ்வொரு வகுப்புக்கும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. தேதி, வகுப்பு, வந்தவர் எத்தனை பேர், அவர்கள் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன, நான் சொன்னது சரியா. இந்தக் கடைசிக் கேள்விக்கு அன்றைக்கு மாலையே பதில் எழுதிவிடுவேன். பல பக்கங்களில் 'இல்லை' என்றுதான் இருக்கிறது.

இந்த வகுப்பை நடத்தாதே என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் பதினேழு பேர். அதில் தலைமை ஆசிரியர்கள் நான்கு பேர், என் மாமியார் ஒருவர். எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான். காதலைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் காதலிக்கத் தொடங்கிவிடுமாம். யாரும் பேசாமலேயே பிள்ளைகள் காதலிக்கிறார்கள், யாரும் பேசாததால் அடியையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று நான் பதில் சொல்வேன். பதினேழு பேரிடமும் இதைச் சொன்னேன். மாமியாரிடம் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன்.

பாடவேளை அட்டவணையில் என் வகுப்புக்கு 'ஆளுமை வளர்ச்சி' என்று பெயர் போடுவார்கள். நான் கரும்பலகையில் 'காதல், வீடு, அடி' என்று மூன்று சொற்களை எழுதித்தான் தொடங்குவேன். ஒரு பள்ளியில் நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஓர் ஆசிரியர் உள்ளே வந்து 'காதல்' என்பதை மட்டும் அழித்துவிட்டுப் போயிருந்தார். வீட்டையும் அடியையும் அப்படியே விட்டிருந்தார். அவை இரண்டும் சேர்ந்து நிற்பது அவர் கண்ணை உறுத்தவில்லை. நான் அழித்ததைத் திரும்ப எழுதிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யார் அழித்தது என்று விசாரித்து நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

இனி என் தவறு.

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். காரங்காட்டுக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், ஜன்னலைத் திறந்தால் நோட்டுப் புத்தகத்தில் மணல் வந்து விழுகிற ஒரு பள்ளி என்பது போதும். பதினோராம் வகுப்பு, முப்பத்தெட்டு மாணவர்கள். அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவளுக்கு இங்கே வாணி என்று பெயர் வைக்கிறேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. தகப்பன் இல்லை. தாய் நண்டு வலையில் சிக்கெடுக்கிற வேலை செய்தாள். அந்த வலையும் படகும் அவளுடைய அண்ணனுக்குச் சொந்தம். அந்த அண்ணன்தான், அதாவது வாணியின் தாய்மாமன்தான், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

வாயால் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொல்வது நம் வழக்கம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுவோம். நான் அதில் ஓர் ஒழுங்கைச் சேர்த்திருந்தேன். முந்தைய பள்ளி ஒன்றில் ஒரு சீட்டு திரும்பி வராமல் போய், அதில் யாரோ அசிங்கமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு, கொடுத்ததெல்லாம் திரும்பி வந்ததா என்று சரிபார்க்க, ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் எண் போட ஆரம்பித்தேன். தெளிவாகத் தெரியட்டும் என்று சிவப்பு மையில். கொடுக்க வசதியாக வருகைப் பதிவேட்டு வரிசையில். இரண்டு ஆண்டுகள் இப்படிச் செய்தேன். ஒரு சீட்டும் தொலையவில்லை என்று பெருமையாகக் குறிப்பும் எழுதியிருக்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சீட்டுகளை வாங்கிக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். நான்காவது சீட்டில் இப்படி இருந்தது:

'எங்க முறைப்பையன் என் போனை வாங்கிப் பாக்குறான். கூடப் படிக்கிற பையன்ட்ட நோட்டுக் கேட்டு மெசேஜ் போட்டாக்கூட அடிக்கிறான். வீட்டுல சொன்னா கட்டிக்கப் போறவன்தானேங்கிறாக. கட்டிக்கப் போறவன் அடிக்கலாமா?'

நான் திருப்புல்லாணிப் பக்கத்து ஆள். விவசாயக் குடும்பம். என் கணவர் என் அத்தை மகன். எங்கள் பக்கம் முறைப்பையன் என்பது கேலிக்கான சொல். கல்யாண வீட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறவன், சடையை இழுத்துவிட்டு ஓடுகிறவன். அந்தச் சொல்லை வாசித்ததும் என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரி என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் சிரித்ததும் வகுப்பும் சிரித்தது. பின் வரிசையில் ஒரு பையன், "முறைப்பையன்னா அடிக்கத்தான மிஸ் செய்வான். வேற எவன் அடிப்பான்?" என்றான். சிரிப்பு இன்னும் பெரிதானது.

பிறகு நான் சுதாரித்துக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொன்னேன். அடிக்கக் கூடாது, போனை வாங்கிப் பார்ப்பதும் அடக்குமுறைதான், முறை என்பது உறவுக்குப் பெயரே தவிர உரிமைச் சீட்டு அல்ல என்றெல்லாம் விளக்கினேன். இருபது நிமிடம் பேசினேன். மாலையில் குறிப்பேட்டில், 'நான் சொன்னது சரியா' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினேன்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருந்த மனிதர். அந்த ஓராண்டை ஒரு சத்தமும் இல்லாமல் கழித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய ஆசை.

"டீச்சர், நேத்து சீட்டு ஒண்ணு வாசிச்சீங்களாம். அந்தக் கட்டைக் கொஞ்சம் குடுங்க. தலைவர் பாக்கணுங்கிறாரு."

"பேர் இல்லாத சீட்டு சார். யார்கிட்டயும் குடுக்கிறதில்ல."

"பேர் எதுக்கு? இருபத்து மூணு யாருன்னு ஊருக்கே தெரியுது. நம்பர் போட்டிருக்கீங்களாமே."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. படிப்பதற்காகச் சீட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தேன். அதன் முதுகு வகுப்பைப் பார்த்து இருந்தது. சிவப்பு மையில், பெரிதாக, தெளிவாக, இருபத்து மூன்று. பதிவேட்டில் இருபத்து மூன்று வாணி. முன் வரிசைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மதியச் சோற்றுக்குள் வகுப்புக்கும், மாலைக்குள் ஊருக்கும் தெரிந்துவிட்டது. முறைப்பையன் என்றால் தலைவரின் மகன். அவனுக்கு இருபத்தொரு வயது. அப்பாவின் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன்.

"எழுதினதைக் காட்டுனா, புள்ளைய வரச் சொல்லி ஒரு மன்னிப்பு எழுதி வாங்கிட்டு முடிச்சிரலாம் டீச்சர். பெரிசாக்க வேண்டாம். எனக்கு ஒரு வருஷந்தான் இருக்கு."

"அவ எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்? அடிச்சவன் எழுதித் தரட்டும், வாங்கி வைப்போம்."

"அப்ப இனிமே இங்க இந்தக் கிளாஸ் வேண்டாம்."

"சரி சார். அதை எழுத்துல குடுத்துருங்க."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடி வைத்தார். உங்கள் பணிக்காலம் முழுவதும் இந்தக் காட்சியைப் பார்ப்பீர்கள். நிறுத்து என்று வாயால் சொல்கிறவர்கள் பலர். அதன் கீழே கையெழுத்துப் போடுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எழுத்தில் வராத தடை தடையே அல்ல என்று வைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள்.

ஆனால் அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு எந்த வீரமும் இல்லை. அறிவியல் ஆய்வகத்தில் போய் உட்கார்ந்து முப்பத்தெட்டுச் சீட்டுகளையும் கிழித்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தே கிழித்தேன். வாணி அன்று பள்ளிக்கு வரவில்லை.

வியாழக்கிழமையும் வரவில்லை. காலை பத்து மணிக்கு அவள் வீட்டைத் தேடிப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. கரையில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓலைக் கொட்டகைக்குக் கீழே தாயும் மகளும் வலையை மடியில் போட்டுக்கொண்டு நண்டைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்டின் கொடுக்கை முறிக்காமல் வலையிலிருந்து பிரிக்க வேண்டும். கொடுக்கு ஒடிந்தால் அந்த நண்டு இரண்டாம் தரம். தாய் என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"வாங்க டீச்சர். உக்கார இங்கன ஒண்ணுமில்ல. அந்த டப்பாவக் கவுத்துப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். வாணியின் இடது காதுக்குக் கீழே புதிதாக ஒரு வீக்கம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"ஏன் ஸ்கூலுக்கு வரலம்மா?"

தாய்தான் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பூ வச்சு நிச்சயம் பண்ண வாராக டீச்சர். எங்க அண்ணன் சொல்லிருச்சு. ஊரு வாயில விழுந்துட்ட புள்ள, இனி வெளிய அனுப்ப வேணாம், நானே மருமகளா எடுத்துக்கிறேன்னுருச்சு. அடுத்த மாசம் கோயில்ல வச்சுத் தாலி."

அவளை அடித்தவனைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு ஊர் தந்த பதில் அது. அவனுக்கே கட்டி வைப்பது. இதை அவர்கள் தண்டனையாக நினைக்கவில்லை. பெண்ணைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்கள். இந்தக் கரையில் இதை நீங்கள் அடிக்கடி எதிர்கொள்வீர்கள். உள்நாட்டிலும்தான். எங்கள் ஊரும் இதற்கு விலக்கல்ல.

நான் வாணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் எண் போட்டது பெரிய தப்பு. என்னாலதான் தெரிஞ்சு போச்சு."

அவள் ஒரு நண்டைப் பிரித்துக் கூடையில் போட்டாள். பிறகு சொன்னாள். "நம்பரு கூடப் பரவால்ல மிஸ். நீங்களும் சிரிச்சீங்க."

ஒன்பது ஆண்டுக் குறிப்பேட்டில் இதற்கு இணையான ஒரு வரி இல்லை. அவள் வீட்டில் சொன்னபோது சிரித்திருக்கிறார்கள். அத்தைமார்களிடம் சொன்னபோது சிரித்திருக்கிறார்கள். கடைசியாக, சிரிக்காமல் கேட்பதற்கென்றே ஊருக்கு வந்திருக்கிற ஒருத்தியிடம் எழுதிக் கொடுத்தாள். நானும் அவர்களைப் போலவே சிரித்தேன். எங்களைப் போன்ற, அந்த மண்ணிலேயே பிறந்த ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய தவறு இது. வெளியூர்க்காரி ஒருத்தி அந்தச் சீட்டை வாசித்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். ஊர் தெரிந்தவள் என்பதால்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். அந்த ஊர்ப்பழக்கமே அன்று என் உதட்டில் வந்து நின்றது.

"சிரிச்சேன். தப்புத்தான்," என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் இப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டால் காரணம் சொல்லாதீர்கள்.

பிறகு அவளிடம் கேட்டேன். "உனக்கு என்ன வேணும்?"

"பள்ளிக்கூடம் வரணும்."

"கல்யாணம்?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய் வலையைப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள் வாணி. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"பதினெட்டு ஆகாத புள்ளைக்குக் கல்யாணம்னு தெரிஞ்சா நான் மேல எழுதிக் குடுத்தே ஆகணும். அடியைப் பத்தியும் எழுதணும். அது சட்டம். நீ வேண்டாம்னு சொன்னாலும் எழுதுவேன். ஆனா உன்ட்டச் சொல்லிட்டுத்தான் எழுதுவேன். எழுதினா உங்க மாமாவுக்குக் கோபம் வரும்."

"அதுதான் வந்திருச்சே மிஸ்."

தாய் அப்போதுதான் கையை நிறுத்தினாள். "டீச்சர், எனக்கு இந்த வலைதான் சோறு. இது எங்க அண்ணன் வலை. அதை நெனச்சுக்கிட்டு எழுதுங்க."

எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதைத் திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டே ராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். மூன்று மணிக்குள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். அந்த அலுவலர் ஓர் இளைஞர். முழுவதையும் வாசித்துவிட்டு, "சனிக்கிழமை வாரோம் மேடம்," என்றார்.

வெள்ளிக்கிழமை படகுகள் கரையில் நிற்கிற நாள். அன்று பிற்பகல் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் கூட்டினார்கள். நான் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் பொருள். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். வாணியின் தாயும் அங்கே நின்றாள். தலைவரின் மகன் வாசலில் சாய்ந்து நின்றான்.

தலைவரை நீங்கள் முரடர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பள்ளிக்குக் கழிப்பறை வருவதற்கு அலைந்தவர் அவர்தான். எழுந்து நின்று, நிதானமாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. எங்க புள்ளைகளுக்கு நல்லது சொல்லத்தான் வந்திருக்கீக. ஆனா தாய்மாமன் வீட்டு விவகாரத்தை முப்பது புள்ளைக முன்னாடி வாசிக்கிறது என்ன படிப்பு? அவ தகப்பன் போன பொறவு அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துனது யாரு? கேட்டுப் பாருங்க. ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லிட்டீகன்னா முடிஞ்சு போச்சு."

நான் எழுந்து நின்றேன். முன்கூட்டி எழுதி வைத்திருந்த நான்கு வரிகளைத்தான் சொன்னேன்.

"ரெண்டு தப்புச் செஞ்சேன். சீட்டுல நம்பர் போட்டேன், வாசிக்கும்போது சிரிச்சேன். அதுக்கு அந்தப் புள்ளைட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், செவ்வாய்க்கிழமை கிளாஸ்லயும் கேப்பேன். கிளாஸ் எடுத்ததுக்கு யார்கிட்டயும் வருத்தம் சொல்ல மாட்டேன், செவ்வாய்க்கிழமையும் எடுப்பேன்."

சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒருவர், "ஏப்பா, இந்தம்மா நம்மளக் கூட்டி வச்சு அறிக்கை விடுதா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். வாசலில் நின்ற பையன் உள்ளே வந்தான்.

"டீச்சர், ஒண்ணும் தெரியாம பேசாதீக. அவ மேல இருக்கிற பாசத்துலதான் ரெண்டு தட்டுத் தட்டுறது."

"பாசத்துலயா?"

"ஆமா."

"அப்ப, உங்க அப்பா மேல பாசம் இருக்குல்ல? அவரை எத்தன தடவை அடிச்சிருக்க?"

பெண்கள் பக்கம் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். தலைவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, வெளிய போ," என்றார். போனான்.

இப்படிப் பதிலடி கொடுப்பது இனிமையாக இருக்கும். ஆனால் அதனால் எதுவும் மாறுவதில்லை. அன்றும் மாறவில்லை. தலைவர் உட்காரவில்லை. "சரி. பேச்சு எதுக்கு? ஞாயித்துக்கிழமை பூ வைக்கிறோம். எங்க புள்ளைய நாங்க எடுத்துக்கிறோம். அதுக்கப்புறம் யாரு கேள்வி கேக்குறது?"

"ஞாயித்துக்கிழமை நடக்காதுங்கய்யா," என்றேன். முத்திரை விழுந்த நகலை மேசை மேல் வைத்தேன். "நேத்தே எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு ஆபீஸ்ல இருந்து வாராங்க. எழுதினது நான். வாணியில்ல, அவ அம்மாவும் இல்ல. கோபத்தை எம்மேல வச்சுக்கங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அந்தக் கூட்டத்துக்கே போனேன். கோபம் எங்காவது போய் விழுந்தே தீரும். அது பிள்ளையின் மேல் விழாமல் நம் மேல் விழும்படி பார்த்துக்கொள்வதில்தான் நம் வேலையில் பாதி இருக்கிறது.

தலைவரின் முகம் கறுத்தது. தங்கையைப் பார்த்துத் திரும்பினார். "நீதான எழுதச் சொன்ன?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்திருந்தாள்.

"நான் சொல்லலண்ணே. சொல்லியிருக்கணும்." அண்ணனை நேராகப் பார்த்தாள். "நான் தாலி ஏறுன பொறவு எம் புருஷன்ட்ட அடி வாங்குனேன். ஒனக்குத் தெரியும். நீ வந்து எங்க வீட்டு வாசல்ல ரெண்டு நாளு உக்காந்திருந்த. அவுகளை அடிக்கப் போன. இப்ப என் மகளை அடிச்சது ஒன் மகன்னதும் பூ வைக்கிறேங்கிற."

தலைவர் மகன் போன வாசல் பக்கம் பார்த்தார்.

"வலைய வேணும்னா எடுத்துக்கண்ணே," என்றாள்.

அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம் போயிற்று. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, "தீர்மானம்னு என்ன எழுதுறது டீச்சர்?" என்று கேட்டார். கூட்டம் நடந்தது என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். அப்படியே எழுதினார்.

சனிக்கிழமை அலுவலர்கள் வந்தார்கள். பதினெட்டு நிறையும் வரை திருமணம் செய்ய மாட்டோம் என்று இரு வீட்டாரிடமும் எழுதி வாங்கினார்கள். பையனைத் தனியே உட்கார வைத்து, இனிமேல் அவள் மேல் கை வைத்தால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வலையைத் தலைவர் எடுத்துக்கொண்டுவிட்டார். வாணியின் தாய் நண்டு பதப்படுத்துகிற ஒரு கூடத்தில் சதை பிரிக்கிற வேலைக்குப் போனாள். தினமும் இரண்டு பேருந்து. நான் எழுதிக் கொடுத்ததற்கு அவள் கொடுத்த விலை அது. பயிற்சியில் இதைச் சொல்ல மாட்டார்கள். சரியான காரியத்தைச் செய்தபோதும் அதன் செலவை வேறு யாரோ ஒருவர் தலையில்தான் வைத்துவிட்டு வருகிறோம். செய்யாமல் இருக்க இது காரணம் ஆகாது. செய்துவிட்டு மார் தட்டாமல் இருக்க இது போதுமான காரணம்.

திங்கட்கிழமை வாணி பள்ளிக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை நான் சொன்னபடி வகுப்புக்குப் போய்ச் செய்த தவறுகளைச் சொன்னேன். அவளைப் பார்க்காமல், எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். பின் வரிசைப் பையன் எழுந்து, "நானும் சிரிச்சேன் மிஸ்," என்றான். "உக்காரு," என்றேன். அவன் உட்கார்ந்ததும் பாடத்தைத் தொடங்கினேன்.

வாணி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். சுமாரான மதிப்பெண்தான். மண்டபத்தில் செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். அந்தக் கோடையில்தான் அவளுக்குப் பதினெட்டு நிறைந்தது. நான் அந்த நாளுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அன்று எழுதி வாங்கிய தாள் அதுவரைதான் செல்லும். அதற்குப் பிறகு அவளுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் எந்தச் சட்டமும் நிற்காது, எந்த டீச்சரும் நிற்க முடியாது. அவள் வாயால் சொல்வது மட்டும்தான் மிச்சம்.

அவள் பிறந்தநாளுக்குப் பத்து நாள் கழித்து, மாலை ஐந்தே காலுக்குப் போன் செய்தாள்.

"மிஸ், மாமா வந்துட்டுப் போறாக. தட்டுல வெத்தல பாக்கெல்லாம் வச்சு எடுத்துக்கிட்டு வந்தாக. பழசெல்லாம் மறந்துருவோம், பையன் திருந்திட்டான்னாக."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம் மாமான்னேன்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். அப்புறம் மாமா அம்மாவைப் பாத்து, நீ என்னத்தா சொல்றன்னு கேட்டாக."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா வேலை முடிஞ்சு வந்து அப்பத்தான் கையக் கழுவிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கல மிஸ். 'அவ சொன்னது கேக்கலையாண்ணே'ன்னுச்சு."